ஏழாம் வகுப்பு மகளைக் கணிதப் போட்டிகளுக்குத் தயார்செய்வது எப்படி? (என்.எம்.டி.சி., ஐ.ஓ.கியூ.எம்.)

நெல்லை_வாணி:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பாளையங்கோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண். போன ஆண்டு பள்ளி வழியாக ஏதோ ஒரு தனியார் ஒலிம்பியாட் எழுதித் தங்கப் பதக்கம் வாங்கி வந்தாள். வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் கழுத்தில் அதே பதக்கம் தொங்கியது பிறகுதான் தெரிந்தது.

இந்த ஆண்டு அவளுடைய கணக்கு ஆசிரியை என்.எம்.டி.சி. (தேசியக் கணிதத் திறன் போட்டி) எழுதச் சொல்லிப் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, "அம்மா, இதெல்லாம் எங்கள் பாடத்தில் கிடையாது" என்று மூடி வைத்துவிட்டாள். நான் எடுத்துப் பார்த்தேன். காரணி, மீதி, முக்கோணம், சராசரி. எல்லாம் அவள் படித்தவைதான். எந்தக் கணக்கு எந்தப் பாடம் என்று தலைப்புப் போட்டுத் தரவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

நான் பி.காம். படித்தவள். பள்ளிக் கணக்குவரை சமாளிப்பேன். கேட்க விரும்புவது: எங்கே தொடங்குவது? ஊரில் "ஃபவுண்டேஷன்" வகுப்பு நடத்தும் மையங்களில் சேர்க்க வேண்டுமா? எட்டாம் வகுப்பிலேயே ஐ.ஓ.கியூ.எம். (கணித ஒலிம்பியாடுக்கான தகுதித் தேர்வு) எழுத விடலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_பயிற்றுநர்:

வணக்கம் சகோதரி. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் வரைபடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என்.எம்.டி.சி. நடத்துவது ஏ.எம்.டி.ஐ., அதாவது 1965இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம். தலைமையகம் சென்னைதான். ஐந்து, ஆறாம் வகுப்புக்கு காஸ் பெயரில், ஏழு, எட்டுக்குக் காப்ரேகர் பெயரில், ஒன்பது, பத்துக்குப் பாஸ்கரர் பெயரில், பதினொன்று, பன்னிரண்டுக்கு ராமானுஜன் பெயரில் தேர்வு. உங்கள் மகள் காப்ரேகர் பிரிவில் வருவாள். முதல் சுற்றில் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதும் கோடிட்ட இடத்தை நிரப்புவதும் இருக்கும். அதில் தேறியவர்களுக்கு இறுதிச் சுற்று. அங்கே தீர்வை முழுமையாக எழுதிக் காட்ட வேண்டும்.

ஐ.ஓ.கியூ.எம். வேறு தடம். பன்னாட்டு ஒலிம்பியாடுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் படிக்கட்டில் முதல் படி அது. எட்டாம் வகுப்பிலிருந்து எழுதலாம். மூன்று மணி நேரம், 30 கேள்விகள், 100 மதிப்பெண்கள். ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரை ஏதாவது ஓர் எண். கேள்விகள் 2, 3, 5 மதிப்பெண் என மூன்று தரம். தவறான விடைக்குக் கழிவு கிடையாது. தேறினால் மண்டல அளவிலான ஆர்.எம்.ஓ., அதிலும் தேறினால் தேசிய அளவிலான ஐ.என்.எம்.ஓ.

பாடத்திட்டம் என்று பார்த்தால் நான்கு தூண்கள்: எண் கோட்பாடு, இயற்கணிதம், வடிவியல், எண்ணும் முறைகள். பள்ளி நான்காவதைத் தொடுவதே இல்லை. முதலாவதைத் தொட்டும் தொடாமலும் விடும். ஆகவே வெளிப் பயிற்சி இல்லாமல் முடியாது என்பது என் கருத்து. தலைப்பு வாரியாகக் குறுக்குவழிகள், வாராந்திரத் தேர்வு, நேரக் கட்டுப்பாடு. ஆறாம் வகுப்பில் தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது. இப்போதும் தாமதமாகிவிடவில்லை.

கணக்கு_வாத்தியார்:

பயிற்றுநர் தம்பி தேர்வுகளைப் பற்றிச் சொன்னதில் பிழை ஏதுமில்லை. பயிற்சியைப் பற்றிச் சொன்னதில்தான் எனக்குச் சண்டை இருக்கிறது.

நான் தஞ்சை மாவட்டத்தில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். வாணி அம்மா, உங்கள் மகள் வினாத்தாளை மூடியது பாடம் தெரியாததால் இல்லை. பார்த்தவுடன் வழி தெரியாத கணக்கை அவள் இதுவரை சந்தித்ததே இல்லை. நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகளுக்கு இது எப்போதும் நேர்வதுதான். பள்ளிக் கணக்கில் பேனாவை எடுத்ததும் கை ஓடும். கை ஓடவில்லையென்றால் "எனக்குத் தெரியாது" என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது அந்த ஒரு பழக்கத்தை. அதற்கு மையமும் வேண்டாம், குறுக்குவழியும் வேண்டாம்.

ஒரு கணக்குத் தருகிறேன். இன்று மாலை கொடுங்கள்.

பக்கங்கள் எல்லாம் முழு எண்களாக, சுற்றளவு 11 ஆக இருக்கும் முக்கோணங்கள் எத்தனை? சுற்றளவு 12 என்றால் எத்தனை?

இதற்குத் தேவையான ஒரே செய்தி, இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது. சமச்சீர்ப் புத்தகத்தில் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. விடையை நீங்கள் சொல்லாதீர்கள். தவறாக வந்தாலும் "தவறு" என்று சொல்லாதீர்கள். "எல்லாவற்றையும் எழுதிவிட்டாய் என்று எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். பி.காம். போதும், அதைக் கேட்க.

இன்னொன்று. சமச்சீர்க் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் "தகவல் செயலாக்கம்" என்று ஓர் இயல் இருக்கும். ஏழாம் வகுப்பில் பாஸ்கல் முக்கோணம், டெட்ராமினோ, பாய்வுப் படம் எல்லாம் அதில் வருகின்றன. எட்டாம் வகுப்பில் எண்ணுதல் கொள்கைகளே வருகின்றன. பள்ளி நான்காவது தூணைத் தொடுவதே இல்லை என்று தம்பி சொன்னார். புத்தகம் தொடுகிறது. "தேர்வுக்கு வராது" என்று நாம்தான் தாண்டிப் போகிறோம்.

எடிசன்காரர்:

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு முக்கியப் போட்டிகள். ஏ.எம்.சி. 8 என்பது 40 நிமிடத்தில் 25 கேள்விகள், ஜனவரியில் நடக்கும், தவறுக்குக் கழிவில்லை. மேத்கவுண்ட்ஸ் பள்ளி, வட்டாரம், மாநிலம், தேசம் என்று ஏறிப்போகும் போட்டி. அதில் ஸ்பிரின்ட் சுற்று 40 நிமிடத்தில் 30 கேள்விகள், கால்குலேட்டர் கூடாது. கவுன்ட்டவுன் சுற்றில் இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று மணியை அடிக்க வேண்டும், ஒரு கேள்விக்கு 45 விநாடி.

ஐயா சொல்வது மனத்துக்கு இதமாக இருக்கிறது. ஆனால் 45 விநாடியில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. இங்குள்ள நம் பிள்ளைகள் 30 வரை வர்க்கங்கள், 2இன் அடுக்குகள், பின்னங்களின் தசம வடிவம் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். என் மகனும் அப்படித்தான் படித்தான், பயனும் இருந்தது. வேகம் என்பதும் ஒரு திறமைதான்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கும் பயன்படும் செய்தி ஒன்று: ஏ.எம்.சி. 8இன் பழைய வினாத்தாள்கள் தீர்வுகளுடன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் பத்துக் கேள்விகள் எளிது, கடைசி ஐந்து கடினம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நம்பிக்கை வளர அதைவிட நல்ல வரிசை கிடையாது.

கேள்விக்குறி:

ஒரு பொதுக் கேள்வி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? ஆறாம் வகுப்பில் ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன், ஏழாம் வகுப்பில் ஒலிம்பியாட், எட்டாம் வகுப்பில் இன்னொன்று. எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்கு விளையாட ஒரு பிள்ளை கிடையாது. பதக்கத்தைச் சுவரில் மாட்டிப் பெற்றோர் படம் எடுத்துப் போடுகிறார்கள். பிள்ளையின் பெயரில் நாம் எழுதும் தேர்வாகத்தான் எனக்குப் படுகிறது.

அடுத்த பதிவில் யாராவது ராமானுஜனை இழுப்பார்கள். அதற்குமுன் எழுந்துவிடுகிறேன்.

கணக்கு_வாத்தியார்:

இழுக்கவில்லை ஐயா, உட்காருங்கள். காப்ரேகரை வேண்டுமானால் இழுக்கிறேன். மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் கண்டுபிடித்தது இது. ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுங்கள், எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழியுங்கள். 3524 என்றால் 5432இலிருந்து 2345 போக 3087. பிறகு 8730இலிருந்து 0378 போக 8352. பிறகு 8532இலிருந்து 2358 போக 6174. அதற்குமேல் எத்தனை முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கேதான் வந்து நிற்கும்.

தெருவில் விளையாடப் பிள்ளைகள் இல்லை என்ற உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இதுவும் விளையாட்டுதான். விளையாட்டாக வைத்திருக்கும்வரை.

எடிசன் தம்பிக்கு: 45 விநாடிப் போட்டிக்கு 45 விநாடிப் பயிற்சி தேவை, மறுக்கவில்லை. வாணி அம்மாவின் மகள் எழுதப்போவது அந்தப் போட்டி இல்லையே.

நெல்லை_வாணி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை வாத்தியார் ஐயாவின் முக்கோணக் கணக்கைக் கொடுத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் 11க்கு 5, 5, 1 என்று எழுதினாள். பிறகு 4, 4, 3. பிறகு 5, 4, 2. "மூன்று" என்றாள். நீங்கள் சொன்னபடியே கேட்டேன்: எல்லாவற்றையும் எழுதிவிட்டாய் என்று எப்படித் தெரியும்? முறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து 6, 4, 1 என்று எழுதி, அடித்துவிட்டாள். பிறகுதான் அவளாகவே ஒன்றைப் பிடித்தாள். மிகப் பெரிய பக்கம் 6 ஆக இருக்க முடியாது, ஏனென்றால் மற்ற இரண்டும் சேர்ந்து 5தான். நான்குக்குக் குறையவும் முடியாது, ஏனென்றால் மூன்று மூன்றாக எடுத்தாலே 9தான் வரும். ஆகப் பெரிய பக்கம் 4 அல்லது 5. ஐந்து என்றால் மீதி 6: 5, 1 அல்லது 4, 2 அல்லது 3, 3. நான்கு என்றால் மீதி 7: 4, 3 மட்டும். மொத்தம் நான்கு. முன்பு 5, 3, 3ஐ விட்டிருக்கிறாள்.

12க்குக் குறைந்தது ஐந்து இருக்கும் என்று பந்தயம் கட்டினாள். பெரிய சுற்றளவு என்றால் அதிக முக்கோணங்கள்தானே? ஆனால் வந்தது மூன்றுதான். 5, 5, 2. 5, 4, 3. 4, 4, 4. திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. "ஏன் குறைகிறது?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

கணக்கு_வாத்தியார்:

அம்மா, அவள் "எத்தனை" என்பதிலிருந்து "ஏன்" என்பதற்கு வந்துவிட்டாள். அந்தக் கேள்வி அவளுடையதாகவே இருக்கட்டும். நானும் விடை சொல்லப்போவதில்லை. 3இலிருந்து 14 வரை எல்லாச் சுற்றளவுக்கும் பட்டியல் போடச் சொல்லுங்கள்.

மதுரை_பயிற்றுநர்:

நல்ல கணக்குதான், ஐயா. ஆனால் ஒரு கணக்குக்கு ஒரு மாலை என்றால் தேர்வுக்குள் எத்தனை கணக்கு பார்க்க முடியும்? என் மாணவர்கள் வாரத்துக்கு நாற்பது, ஐம்பது கணக்குப் போடுகிறார்கள். முதல் சுற்றில் தேறுவதற்குப் பல வகைக் கணக்குகளைப் பார்த்திருக்க வேண்டும். 7இன் 2025ஆவது அடுக்கின் கடைசி இலக்கம் என்ன என்று கேட்டால், அடுக்கை நான்கால் வகுத்து மீதியைப் பார் என்று தெரிந்த பிள்ளை பத்து விநாடியில் 7 என்று எழுதிவிட்டுப் போகும். தெரியாத பிள்ளை அங்கேயே நிற்கும். நடைமுறையைப் பேச வேண்டும்.

சிறகு17:

நான் இப்போது கல்லூரியில் முதலாண்டு. எட்டாம் வகுப்பில் காப்ரேகர் இறுதிச் சுற்றும், பதினொன்றாம் வகுப்பில் ஆர்.எம்.ஓ.வும் எழுதியவள். இரண்டு பக்கமும் பார்த்திருப்பதால் எழுதுகிறேன்.

பயிற்றுநர் சாரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 7, 49, 343, 2401. கடைசி இலக்கங்கள் 7, 9, 3, 1, பிறகு மறுபடியும் 7. 2025ஐ நான்கால் வகுத்தால் மீதி 1, ஆகவே விடை 7. சரி. இப்போது அடுக்கிலேயே ஓர் அடுக்கை வைக்கிறேன்: 7இன் அடுக்காக, 7இன் ஏழாவது அடுக்கு இருக்கிறது. கடைசி இலக்கம் என்ன? "நான்கால் வகு" என்று மனப்பாடம் செய்தவர் எட்டு லட்சத்துச் சொச்சம் வரும் எண்ணைப் பெருக்கிக்கொண்டிருப்பார். வட்டம் ஏன் நான்கில் முடிகிறது என்று புரிந்தவர், 7 என்பது நான்கின் மடங்குக்கு ஒன்று குறைவு, ஒற்றைப்படை முறை பெருக்கினாலும் ஒன்று குறைவாகவே இருக்கும், மீதி 3, ஆகவே கடைசி இலக்கம் 3 என்று முடித்துவிடுவார். ஐ.ஓ.கியூ.எம்.மில் ஐந்து மதிப்பெண் கேள்விகள் எல்லாம் இப்படி ஒரு படி தள்ளித்தான் நிற்கும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். மேத்கவுண்ட்ஸின் கடைசிச் சுற்றில் ஒரு கேள்விக்கு 45 விநாடி. ஏ.எம்.சி. 8இல் சராசரியாக ஒன்றரை நிமிடம். ஐ.ஓ.கியூ.எம்.மில் ஆறு நிமிடம். ஆர்.எம்.ஓ.வில் மூன்று மணி நேரத்துக்கு ஆறு கேள்விகள், அதாவது அரை மணி. ஐ.என்.எம்.ஓ.வில் நாலரை மணி நேரத்துக்கு ஆறு, முக்கால் மணி. பன்னாட்டு ஒலிம்பியாடில் ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம், மூன்றே கேள்விகள். ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம். மேலே ஏற ஏற நேரம் நீள்கிறது. பன்னிரண்டு வயதில் ஒரு கணக்கோடு முக்கால் மணி உட்காராத பிள்ளையை, பதினாறு வயதில் திடீரென்று உட்காரச் சொல்ல முடியாது.

வாணி அக்கா, செய்முறையாகச் சில. தேர்வுக்கு நிறைய நாள் இருக்கும்போது கடிகாரத்தைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். வாரத்துக்கு மூன்று, நான்கு கடினமான கணக்குகள் போதும். கடைசிச் சில வாரங்களில் மட்டும் பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதலாம். ஏ.எம்.டி.ஐ. பழைய என்.எம்.டி.சி. வினாக்களைப் புத்தகமாகவே வெளியிடுகிறது. அதற்குமேல் பொருள் தேடி அலைய வேண்டாம். எங்கள் வீட்டில் அலமாரி முழுக்க ஒலிம்பியாட் புத்தகங்கள் இருந்தன. பாதிக்குமேல் நாற்பது பக்கத்தைத் தாண்டியதில்லை.

தீர்வைப் பார்ப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். ஒரு கணக்கு வராவிட்டால் அன்றே தீர்வைப் பார்க்க மாட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி முயல்வேன். அப்போதும் வராவிட்டால் தீர்வின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, காகிதத்தால் மறைத்துக்கொண்டு மீதியை நானே முடிக்கப் பார்ப்பேன். முழுத் தீர்வையும் படித்தால், ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுவேன். பெரும்பாலும் நடுவில் ஓர் இடத்தில் நின்றுவிடும். புரியாமல் தலையாட்டிய இடம் அதுதான்.

எடிசன்காரர்:

சிறகு, நேரக் கணக்கு நல்ல கண்ணோட்டம். ஒன்று சேர்க்கிறேன். இங்கே ஏ.எம்.சி. 8இல் மிக வேகமாக இருந்த பல பிள்ளைகள் அடுத்த நிலைத் தேர்வான ஏ.எம்.சி. 10க்குப் போனதும் திணறுகிறார்கள். அங்கே 75 நிமிடத்துக்கு 25 கேள்விகள், சரியான விடைக்கு 6, விடை எழுதாமல் விட்டால் 1.5, தவறானால் பூஜ்யம். எதைத் தொடாமல் விடுவது என்பதே ஒரு முடிவாகிவிடுகிறது. வேகம் தேவை என்று நான் சொன்னதை முழுதாகத் திரும்பப் பெறவில்லை. வேகம் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தருமபுரி_ஆசிரியை:

இழை முழுவதும் மெட்ரிக் பள்ளி, நியூஜெர்சி என்று போவதால் கொஞ்சம் எங்கள் பக்கமும் வரட்டும். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ்வழி வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பில் முதலில் வரும் போட்டி என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வு. மனத்திறன் பகுதியில் 90 கேள்விகள், படிப்புத்திறன் பகுதியில் 90 கேள்விகள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கேள்விக்குறி ஐயாவுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் இது சுவரில் மாட்டும் பதக்கமாக இருப்பதில்லை. பெண்பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தாமல் இருக்க அந்தப் பணம் காரணமாகிறது.

எண் தொடர், விடுபட்ட உரு, நாள்காட்டிக் கணக்கு எல்லாம் மனத்திறன் பகுதியில் வரும். அதற்குப் படித்த பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இந்த ஆண்டு ஐ.ஓ.கியூ.எம். பழைய வினாத்தாளைக் காட்டினேன். தடுக்கியது கணக்கில் இல்லை. வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பகு எண், நாற்கரம், செங்குத்து, தொடுகோடு எல்லாம் அவர்களுக்குத் தெரியும், கேள்வியில் அவை எங்கே இருக்கின்றன என்றுதான் தெரியவில்லை. ஒரு நோட்டில் தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என இரண்டு பத்தி போட்டு எழுத வைத்தேன். சேர்ந்தது நூற்றுச் சொச்சம் சொற்கள்தான். ஆங்கிலம் கற்றால்தான் ஒலிம்பியாட் என்று பயப்படும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போட்டிக் கணக்கின் ஆங்கிலம் மிகச் சிறியது.

எங்களுக்கு மையமும் கிடையாது, கட்டணம் கட்டவும் வழியில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பலகையில் ஒரே ஒரு கணக்கை எழுதி விட்டுவிடுவேன். திங்கட்கிழமைவரை யாரும் அழிக்கக் கூடாது. துப்புரவு செய்யும் அக்காவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். 1 முதல் 100 வரை எண்களை எழுதி, ஏதாவது இரண்டை அழித்து அவற்றின் வித்தியாசத்தை எழுது, கடைசியாக மிஞ்சும் ஓர் எண் ஒற்றையா, இரட்டையா என்று ஒரு வாரம் போட்டேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நூறு எண்ணையும் உண்மையிலேயே எழுதி அழித்துக்கொண்டு வந்தான். இரட்டை என்று சரியாகச் சொன்னான். ஏனென்று கேட்டதற்கு, "வேறு மாதிரி அழித்தாலும் இரட்டைதான் டீச்சர், தங்கச்சியையும் அழிக்கச் சொல்லிப் பார்த்தேன்" என்றான். காரணத்துக்கு வர இன்னொரு வாரம் ஆயிற்று. இரண்டு எண்களின் கூடுதலும் வித்தியாசமும் ஒன்றுபோல ஒற்றையாகவோ ஒன்றுபோல இரட்டையாகவோதான் இருக்கும். ஆகவே பலகையில் உள்ளவற்றின் மொத்தம் ஒற்றையா, இரட்டையா என்பது கடைசிவரை மாறாது. 1 முதல் 100 வரை கூட்டினால் 5050.

கேள்விக்குறி:

தருமபுரி ஆசிரியைக்கு வணக்கம். நீங்கள் சொன்னதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. நான் கேட்டது வசதியுள்ள வீடுகளைப் பற்றி.

மதுரை_பயிற்றுநர்:

ஆசிரியையின் வெள்ளிக்கிழமைப் பலகையை என் மையத்திலும் எடுத்துக்கொள்கிறேன், அனுமதி உண்டென்று நம்புகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நல்ல வாத்தியாரோ, சிறகு மாதிரி தானாகவே ஒழுங்கு வைத்துக்கொள்ளும் பிள்ளையோ எல்லா வீட்டிலும் கிடையாது. மையத்தில் ஒரே ஆர்வமுள்ள ஏழெட்டுப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருகிறார்கள். ஒருவன் தீர்வில் இன்னொருவன் ஓட்டை கண்டுபிடிக்கிறான். அந்தச் சகவாசத்துக்கு விலை உண்டு. வாணி சகோதரி, மையம் தேர்ந்தெடுத்தால் ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, ஆசிரியர் மட்டும் பேசுகிறாரா? அது போதும் முடிவெடுக்க. கட்டண ரசீதையும் தரவரிசைப் பலகையையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கணக்கு_வாத்தியார்:

இதில் தம்பியோடு உடன்படுகிறேன். சகவாசம் முக்கியம். மையம் கிடைக்காத ஊரில் பள்ளியிலேயே நான்கு பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால் போதும். சென்னைக்கு வரும்போது ராயபுரத்தில் பி.கே. சீனிவாசன் அமைத்த ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போங்கள். (கேள்விக்குறி ஐயா மன்னிக்க வேண்டும், கடைசியில் இழுத்தேவிட்டேன்.)

எழுதும் பழக்கத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. காப்ரேகர் இறுதிச் சுற்றில் பிள்ளைகள் விழும் இடம் அதுதான். விடை சரியாக இருக்கும், வழி தாளில் இருக்காது. "எனவே", "ஏனெனில்" இல்லாத விடைத்தாள்களைத் திருத்தித் திருத்திச் சலித்தவன் நான். வாரத்துக்கு ஒரு கணக்கையாவது, அந்தக் கணக்கைப் பார்த்தே இராத தோழிக்குக் கடிதம் எழுதுவதுபோல முழு வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் படித்துப் பாருங்கள். உங்களுக்குப் புரியாத வரி எதுவோ, அங்கே கோடு போடுங்கள். கணக்குத் தெரியாத அம்மாதான் இந்த வேலைக்குச் சரியான ஆள்.

நெல்லை_வாணி:

ஐயா, பட்டியல் போட்டுவிட்டாள். சுற்றளவு 3 முதல் 14 வரை முறையே 1, 0, 1, 1, 2, 1, 3, 2, 4, 3, 5, 4. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிறது. இரட்டைச் சுற்றளவுக்கு வரும் எண்ணிக்கை, அதற்கு மூன்று குறைவான சுற்றளவில் அப்படியே இருக்கிறது என்று அவளே பார்த்துவிட்டாள். 12க்கும் 9க்கும் மூன்று. 14க்கும் 11க்கும் நான்கு. காரணமாக அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"இரட்டைச் சுற்றளவு முக்கோணத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் 1 குறைத்தால், சுற்றளவில் 3 குறைந்த முக்கோணம் கிடைக்கும். 5, 5, 2 என்பது 4, 4, 1 ஆகும். 5, 4, 3 என்பது 4, 3, 2 ஆகும். 4, 4, 4 என்பது 3, 3, 3 ஆகும். திரும்ப 1 கூட்டினால் பழையது வந்துவிடும். எனவே இரண்டும் சமம்."

"எனவே" போட்டிருக்கிறாள். கோடு போட எனக்கு வரி கிடைக்கவில்லை.

சிறகு17:

அருமை. ஆனால் தங்கையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள், அக்கா. ஒரு பக்கம் 1 ஆக இருந்தால், குறைத்ததும் பூஜ்யம் ஆகிவிடாதா? குறைத்த பிறகு கிடைப்பது முக்கோணம்தான் என்று எப்படித் தெரியும்? 11இல் உள்ள 5, 4, 2ஐக் குறைத்தால் 4, 3, 1 வருகிறது, அது முக்கோணம் இல்லையே.

நெல்லை_வாணி:

முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னாள். ஒரு பக்கம் 1 என்றால் மற்ற இரண்டும் சமமாகத்தான் இருக்க வேண்டும், அப்போது சுற்றளவு ஒற்றைப்படை ஆகிவிடும். ஆகவே இரட்டையில் 1 வரவே வராது.

இரண்டாவதற்கு மூன்று நாள் ஆயிற்று. இன்று பள்ளி வேனிலிருந்து இறங்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். சுற்றளவு இரட்டை என்றால், இரண்டு பக்கங்களின் கூடுதலுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசமும் இரட்டைதான். பூஜ்யமாக இருக்க முடியாது, எனவே குறைந்தது 2. எல்லாப் பக்கத்திலும் ஒன்று குறைத்தால் அந்த வித்தியாசத்தில் 1தான் குறையும். இன்னும் 1 மிச்சம் இருக்கிறது, எனவே முக்கோணம் உடையாது. ஒற்றைச் சுற்றளவில் வித்தியாசம் 1 ஆகவே இருக்கலாம், அதனால் உடைகிறது.

என்.எம்.டி.சி. பதிவுக்கு ஆசிரியையிடம் பெயர் கொடுத்துவிட்டோம். ஐ.ஓ.கியூ.எம். அடுத்த ஆண்டு எழுதலாமா என்பது மட்டும் இன்னும் தீர்மானிக்கவில்லை.

சிறகு17:

எழுதட்டும் அக்கா, கழிவு மதிப்பெண் கிடையாது. ஆனால் எட்டாம் வகுப்பில் எழுதுவது தேறுவதற்காக என்று வீட்டில் யாரும் சொல்லாதீர்கள். முப்பதில் ஏழெட்டுப் போட்டாலே அந்த வயதுக்கு நல்ல தொடக்கம். பதிவு நடைமுறைக்கு ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். பெண்பிள்ளை என்பதால் இன்னொன்று: பெண்களுக்கான ஐரோப்பியக் கணித ஒலிம்பியாடுக்கு இந்தியாவிலிருந்து நால்வர் அணி போகிறது. அதற்கும் வழி இதே படிக்கட்டுதான். இப்போது சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், பெயர் மட்டும் காதில் விழட்டும்.

கேள்விக்குறி:

வேறு விஷயம். ஒற்றைச் சுற்றளவுகளை மட்டும் எடுத்தால் 5இலிருந்து 1, 2, 3, 4, 5 என்று வருகிறது. 15க்கு ஆறுதான் வரும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எனக்கு ஏழு வருகிறது. எங்கே இரண்டு முறை எண்ணினேன் என்று தெரியவில்லை.

கணக்கு_வாத்தியார்:

எங்கும் இரண்டு முறை எண்ணவில்லை ஐயா. ஏழுதான். 7, 7, 1. 7, 6, 2. 7, 5, 3. 7, 4, 4. 6, 6, 3. 6, 5, 4. 5, 5, 5. இனி 17க்குப் போடுங்கள், ஒன்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடாதீர்கள்.